எறும்பு மரமேறிய வெள்ளிக்கிழமை

பொய்யில் பெரிய பொய், சின்னப் பொய் என்று தரம் பிரிப்பவர்களை நான் நம்புவதில்லை. என் வாழ்நாளில் நான் சொன்ன மிகச் சிறிய பொய் ஒரே ஒரு சொல். அந்த ஒரு சொல்லால் ஐந்து பேர் ஒரு மத்தியானம் முழுக்க அல்லாடினோம். ஒரு புடவை பாழானது. என் அப்பா, தன் ஆன்மா கைவிட்டுப் போய்விட்டது என்று நினைத்து, வாயில் இருந்ததை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நாற்காலியில் சிலையாக உட்கார்ந்திருந்தார்.

அந்தச் சொல், ‘சைனீஸ்.’

தொண்ணூறுகளின் பின்பாதி. எனக்கு இருபத்துநான்கு வயது. வீடு காரைக்குடி செக்காலையில். வேலை பள்ளத்தூரில் ஒரு பள்ளியில் ஆங்கில ஆசிரியை. தினமும் பஸ்ஸில் போய்வருகிற நேரத்தில் ஆங்கிலப் பத்திரிகைகளைப் படித்துப் படித்து, இந்த வட்டாரத்தில் என்னைப்போல் நாகரிகமான பெண் கிடையாது என்ற முடிவுக்கு வந்திருந்தேன். (அந்தப் பத்திரிகைகளெல்லாம் பள்ளி நூலகத்தில் ஒரு வருடம் கிடந்து, தூசி தட்டப்பட்ட பிறகுதான் என் கைக்கு வரும். ஆக, என் நாகரிகம் எப்போதும் ஒரு வருடம் லேட்டு.)

அந்தச் சமயத்தில்தான் சேவியரின் வரன் வந்தது. சிவகங்கைக்காரர். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அப்பா இறந்துவிட்டார், அம்மா பிரகாசி, அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்களைப்போலவே பல தலைமுறையாகக் கத்தோலிக்கக் குடும்பம். போட்டோக்கள் கை மாறின. அதற்குமுன் இரண்டு வரன்கள் என் போட்டோவைப் பார்த்துவிட்டு, ‘பிறகு சொல்கிறோம்’ என்று சொல்லி, இன்றுவரை சொல்லவில்லை. அதனால் சேவியர் வீட்டில் ‘பொண்ணுகிட்ட போன்ல ரெண்டு வார்த்தை பேசட்டுமா?’ என்று கேட்டபோது, எங்கள் வீட்டில் யாரும் தடை சொல்லவில்லை.

போன் வந்தது. அப்பா பேப்பர் படிக்கிற பாவனையில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அம்மா அடுப்படி வாசலில் நின்று முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். (ஒரே காம்பை, போன் முடிகிறவரைக்கும்.)

சேவியரின் குரல் எனக்கு உடனே பிடித்துவிட்டது. அவசரமில்லாத, கொஞ்சம் கூச்சமான குரல். என்ன பாடம் நடத்துறீங்க, எத்தனை பிள்ளைங்க என்றெல்லாம் கேட்டுவிட்டு, வேறு கேள்வி கிடைக்காமல், “உங்களுக்கு என்ன சாப்பாடு பிடிக்கும்?” என்றார்.

எனக்குப் பிடித்தது சுடுசோறும் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பும். ஆனால் சென்னையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிற மனிதரிடம், முதல் பேச்சிலேயே கருவாட்டைப் பற்றி எப்படிச் சொல்வது? போனிலேயே வாசனை போய்விடும் என்று பயந்தேன். முந்தின நாள் பஸ்ஸில் படித்த ஒரு கட்டுரை நினைவுக்கு வந்தது.

“சைனீஸ்” என்றேன்.

“ஓ. அடிக்கடி சாப்பிடுவீங்களா?”

“வாரத்துக்கு ஒரு தடவையாவது.”

அப்பாவின் பேப்பர் மெல்லக் கீழே இறங்கியது. அதற்கு மேல் அவருடைய கண்கள் தெரிந்தன.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அதுவரைக்கும் எனக்கும் சீன உணவுக்கும் இருந்த உறவு, செக்காலை ரோட்டில் ஒரு தள்ளுவண்டியில் வாங்கின கோபி மஞ்சூரியன். அரை பிளேட். அதையும் மூன்று ஆசிரியைகள் பங்கு போட்டுக்கொண்டோம். என் பங்குக்கு வந்தது இரண்டு துண்டும் ஒரு வெங்காயத் தாளும்.

அந்தப் பேச்சு அத்தோடு போயிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை. இரண்டு வாரம் கழித்துச் சேவியரிடமிருந்து அப்பாவுக்குக் கடிதம் வந்தது. ஈஸ்டர் முடிந்ததும் கம்பெனி அவரை ஆறு மாதம் சிங்கப்பூருக்கு அனுப்புகிறதாம். அதற்குமுன் ஊருக்கு வர லீவு கிடையாதாம். வருகிற வெள்ளிக்கிழமை (பெரிய வெள்ளி இல்லை, வேறொரு பண்டிகை) அரசு விடுமுறை என்பதால், நாங்கள் சென்னைக்கு வர முடிந்தால் நல்லது. தன் அம்மாவும் சிவகங்கையிலிருந்து வந்துவிடுவார். கடைசி வரியில், ‘ரெஜினாவுக்குப் பிடிக்கும் என்பதால், நல்லதொரு சைனீஸ் ஹோட்டலிலேயே மேசை சொல்லி வைத்திருக்கிறேன்’ என்று எழுதியிருந்தது.

அம்மாவுக்கு முதல் கவலை காலம்தான். அது தவக்காலம்.

“தபசு காலத்துல போயி பொண்ணு பாக்குறதா? பங்குச் சாமியாரு என்ன சொல்லுவாரு?”

“கல்யாணமா பண்ணப் போறோம்? பாக்கத்தானே போறோம்” என்றார் அப்பா. அவருடைய கவலை வேறு. “வெள்ளிக்கிழமை சுத்தபோசனமாச்சே.”

தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி தொடாமல் இருப்பதைத்தான் எங்களில் பெரியவர்கள் சுத்தபோசனம் என்பார்கள். அப்பாவுக்கு வெள்ளிக்கிழமை என்றில்லை, நாற்பது நாளும் அப்படித்தான். தேவகோட்டையில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். சர்வேசுரன் மேலே உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் மதிப்பெண் போட்டுக்கொண்டிருக்கிறார் என்று உறுதியாக நம்பினார். ஐம்பத்தெட்டு வயதுவரை அந்தப் பாடத்தில் நூற்றுக்கு நூறு வாங்கியவர். எங்கள் பங்குக் கோயிலின் மதுவிலக்குச் சபைக்குச் செயலாளர் வேறு.

“சீனாக்காரக் கடையில காய்கறி இருக்கும்ல?” என்று என்னிடம் கேட்டார். வாரம் ஒரு முறை சாப்பிடுகிறவள் ஆயிற்றே.

“நிறைய இருக்கும்ப்பா” என்றேன்.

மூன்று பேரும் ரயில் ஏறினோம். சென்னையில் அம்மாவுக்குத் தெரிந்த கன்னியர் மடத்தில் குளித்து, உடை மாற்றிக் கிளம்பும்போது, அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, என் கண்ணாடியைக் கழற்றித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

“அம்மா, எனக்குக் கிட்ட இருக்கிற எழுத்து தெரியாது.”

“மாப்பிள்ளையைத்தானே பாக்கப் போற. அவரு மேல என்ன எழுதியா வச்சிருக்கும்?”

சொல்லிவிட்டுக் கைப்பையை இறுக்கி மூடினார்.

ஹோட்டல் வாசலில் நின்றதும் அப்பாவுக்கு முதல் அடி விழுந்தது. உள்ளே நுழைந்தவுடன் இருந்தது சாப்பாட்டு மேசை அல்ல. நீளமான மர மேடை, உயர உயரமான முக்காலிகள், அதற்குப் பின்னால் சுவர் முழுக்கப் பாட்டில்கள். மேலே சிவப்புக் காகித விளக்குகள். இளைஞர்களும் யுவதிகளும் கையில் கண்ணாடிக் கோப்பையோடு சிரித்துக்கொண்டிருந்தார்கள். மணி பன்னிரண்டரைகூட ஆகவில்லை.

அப்பா அப்படியே நின்றுவிட்டார். “ரெஜினா, இது சாராயக்கடை.”

“இல்லப்பா. சிட்டியில எல்லாம் இப்படித்தான்.”

“நீ வாரவாரம் போறது இந்த மாதிரி எடத்துக்கா?”

அதற்குள் சேவியர் படியிறங்கி வந்தார். “மாமா, குடும்பத்தோட வர்றவங்களுக்கு மாடியில தனியா இருக்கு” என்று சொல்லி, மாடிப்படியைக் காட்டினார். அப்பா பாட்டில்களின் பக்கம் பார்வை போகாதபடி வலது கையை முகத்துக்குப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு, வண்டிமாட்டுக்கு மறைப்புக் கட்டியதுபோல அந்த இடத்தைக் கடந்தார். அம்மா சிலுவை போட்டுக்கொண்டு பின்னால் போனார். பாட்டில்களுக்கு எதிரில் இருந்தவர்களில் இரண்டு பேர் மரியாதையாக எழுந்து வழிவிட்டார்கள்.

மாடியில் பிரகாசியம்மா உட்கார்ந்திருந்தார். இளமஞ்சள் நிறத்தில் கஞ்சி போட்ட பருத்திப் புடவை. நர்ஸாக இருந்தவர்களுக்கே உரிய, ஊசி போடப் போகிற முகம்.

“வாங்கண்ணே. ரயில்ல எடம் கெடச்சுதா? மதினி, இங்குட்டு வந்து உக்காருங்க” என்று அப்பாவையும் அம்மாவையும் அழைத்தார். என்னை மட்டும் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, நாற்காலியைக் காட்டினார்.

வட்ட மேசை. அதன் நடுவில் இன்னொரு வட்டமான கண்ணாடிப் பலகை. அதைச் சுற்றினால் சுழலும். பதார்த்தங்களை எழுந்திருக்காமலே எடுத்துக்கொள்ளலாம். தண்ணீர் வந்ததும் அப்பா எழுந்து நின்று, நாங்களும் நிற்க, சிலுவை போட்டுச் சாப்பாட்டுச் செபம் சொன்னார். (சாப்பாடு வரவில்லை, இன்னும் சொல்லவேயில்லை. கீழ்த்தளத்தைத் தாண்டி வந்ததற்கு உடனடியாக ஏதாவது செய்தாக வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.) ஆர்டர் எடுக்க வந்தவர், டிராகன் படம் போட்ட சிவப்புக் கோட்டும் வட்டத் தொப்பியுமாக, நாங்கள் முடிக்கும்வரை நோட்டை மூடி வைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார். நெஞ்சில் ‘சாம்’ என்று பெயர்ப் பட்டை. நாற்பது வயதிருக்கும். எந்த ஊர்க்காரர் என்று கண்டுபிடிக்க முடியாத வழவழப்பான ஆங்கிலம் பேசினார்.

சேவியர் மெனு கார்டை என் பக்கம் நகர்த்தினார். “நீங்களே சொல்லுங்க. உங்களுக்குத்தான் பழக்கம்.”

அப்பா என் காதருகே குனிந்து, “வெள்ளிக்கிழமை. பாத்துச் சொல்லு” என்றார்.

மெனு கார்டைத் திறந்தேன். ஆங்கில ஆசிரியையாக நான் வாழ்க்கையில் அவ்வளவு அவமானப்பட்டது கிடையாது. ஒவ்வொரு பதார்த்தத்தின் பெயரும் பெரிய சுருள் எழுத்தில். அதற்குக் கீழே, அது எதனால் செய்தது என்ற விவரம் பொடி எழுத்தில். பெரிய எழுத்து தெரிந்தது. பொடி எழுத்து, எறும்புப் புற்றைக் கலைத்தது மாதிரி ஓடியது. பத்தாததற்கு அந்தச் சிவப்பு விளக்கு.

பெரிய எழுத்தை வைத்துத் தர்க்கரீதியாக யோசித்தேன். ‘சிங்கத்தலை’ என்று ஒன்று. தலை என்றால் நிச்சயம் இறைச்சி, வேண்டாம். ‘புத்தரின் பேரின்பம்’ என்று ஒன்று. சுத்தபோசன நாளில் வேறு மதத்துப் படையலை அப்பாவுக்கு வாங்கிக் கொடுத்தால் வீட்டுக்குள் சேர்க்கமாட்டார், அதுவும் வேண்டாம். (பிறகுதான் தெரிந்தது, அந்தப் பக்கத்திலேயே முழுக்கக் காய்கறியால் செய்தது அது ஒன்றுதான்.) ‘முத்து உருண்டை’ என்று இருந்தது. முத்து சைவம். ‘எறும்பு மரமேறுகிறது’ என்று இருந்தது. மரம் என்றால் காய், இலை, தழை. எறும்பு என்பது கடுகோ எள்ளோவாக இருக்க வேண்டும். ‘எட்டுப் பொக்கிஷம்’ என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் எழவில்லை.

மூன்றையும் விரலால் தொட்டுக் காட்டினேன்.

சாம் என்னைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். பிறகு குனிந்து, ஆங்கிலத்தில் மெதுவாக, “இன்று வெள்ளிக்கிழமை மேடம். வித்தவுட் செய்யச் சொல்லட்டுமா?” என்றார்.

எனக்குத் தெரிந்த வித்தவுட், ரயிலில் டிக்கெட் எடுக்காமல் போவதுதான். எது இல்லாமல்? சாஸ் இல்லாமலா, மிளகாய் இல்லாமலா? கேட்டால் மானம் போய்விடும். சேவியர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆஃப் கோர்ஸ்” என்றேன். “நான் எப்பவும் வித்தவுட்தான்.”

சாம் தலையசைத்துவிட்டுப் போனார். பிரகாசியம்மா தன் மகனைப் பார்த்த பார்வையில், இது உனக்குத் தேவையா என்ற கேள்வி இருந்தது.

பதார்த்தங்கள் வந்தன. முத்து உருண்டை என்பது, மேலே சோற்றுப்பருக்கைகள் ஒட்டி, ஆவி பறக்கிற உருண்டை. எறும்பு மரமேறுவது என்பது, கண்ணாடி மாதிரி சேமியாவில் கரும்பழுப்பாக ஏதோ பொடிப்பொடியாக ஒட்டியிருந்தது. நடுவில் எட்டுப் பொக்கிஷம், பலகையின் ஓரத்தில் ஒரு கிண்ணம் நிறையச் சிவப்புச் சாஸ்.

சேவியர் இரண்டு குச்சிகளை எடுத்து, விரலிடுக்கில் அநாயாசமாகச் செருகி, தட்டில் கொறிக்க வைத்திருந்த வேர்க்கடலையில் ஒன்றை எடுத்து வாயில் போட்டார். மனிதர் இதில் கரை கண்டவர்.

“நீயும் குச்சியில சாப்பிடும்மா. எங்களுக்காகப் பாக்காத” என்றார் பிரகாசியம்மா.

நான் முயன்றேன். பத்திரிகையில் படம் போட்டிருந்தபடி பிடித்தேன். உருண்டை வழுக்கிக்கொண்டு போய் மேசையிலிருந்து குதித்து, எங்கோ உருண்டது. அதைத் தேடுகிற சாக்கில் அம்மா குனிந்து, மேசைக்கு அடியிலிருந்தே, “கையால தின்னுடி” என்றார்.

அப்பாவுக்கு இந்தக் குழப்பம் எதுவும் இல்லை. முழங்கைவரை சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, கையால் ஓர் உருண்டையை எடுத்தார். மென்றார். முகம் மலர்ந்தது. இரண்டாவது எடுத்தார். மூன்றாவதற்கும் நான்காவதற்கும் நடுவில் வாய் திறந்து பேசினார்.

“அப்படியே நம்ம கோளா உருண்டை கணக்கா இருக்கு. வெறும் காய்கறியில கறி ருசியைக் கொண்டாந்துட்டானே, சீனாக்காரன் கெட்டிக்காரன்தான்.”

சொல்லிவிட்டு நான்காவதை எடுத்தார்.

பிரகாசியம்மாவுக்கும் பிடித்துவிட்டது. முதன்முறையாக என்னிடம் இளகின குரலில், “இதுல என்னம்மா சேக்குறாக? வீட்டுல செஞ்சு பாக்கலாம் போல இருக்கே” என்றார்.

என் நெஞ்சு விம்மியது. இதோ, வருங்கால மாமியார் என்னிடம் செய்முறை கேட்கிறார். “பாத்துச் சொல்றேன் அத்தை” என்று சொல்லிவிட்டு (அத்தை என்று நான் கூப்பிட்டது அதுதான் முதல் முறை), அம்மாவின் கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து, குனிந்து மறைவாகப் போட்டுக்கொண்டு, மெனு கார்டை மடியில் விரித்தேன்.

முத்து உருண்டை: கொத்திய பன்றி இறைச்சி.

எறும்பு மரமேறுகிறது: பொடியாக நறுக்கிய பன்றி இறைச்சி.

எட்டுப் பொக்கிஷம்: வாத்து. மற்ற ஏழு பொக்கிஷங்களைப் படிக்க எனக்குத் தெம்பில்லை.

தலையைத் தூக்கினேன். அப்பாவின் கை ஆறாவது உருண்டையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. வாயில் ஐந்தாவது இன்னும் மீதி இருந்தது. ஐம்பத்தெட்டு வருடத்து நூற்றுக்கு நூறு, என் கண்ணெதிரில் கரைந்துகொண்டிருந்தது. சொல்லவும் முடியாது, சொல்லாமல் இருக்கவும் முடியாது. எப்படியாவது அந்தத் தட்டை அவர் கைக்கு எட்டாமல் செய்ய வேண்டும் என்பது மட்டும்தான் அந்த நொடியில் எனக்குத் தோன்றியது.

கண்ணாடிப் பலகையைப் பிடித்துச் சுற்றினேன்.

மெதுவாகச் சுற்றியிருக்கலாம். நான் கிணற்று ராட்டினத்தைச் சுற்றுகிற வேகத்தில் சுற்றிவிட்டேன். உருண்டைத் தட்டு அப்பாவின் விரலுக்கு அடியிலிருந்து பறந்தது. சேமியாவில் நீட்டிக்கொண்டிருந்த நீளக் கரண்டி, வரிசையாக ஒவ்வொருவர் தண்ணீர் டம்ளரையும் தட்டிவிட்டுக்கொண்டே போனது. முதலில் சேவியர், பிறகு அம்மா, பிறகு அப்பா. எல்லாவற்றுக்கும் கடைசியாக அந்தச் சிவப்புச் சாஸ் கிண்ணம் பலகையிலிருந்து கிளம்பி, பிரகாசியம்மாவின் மடியில் போய்க் கவிழ்ந்தது.

மேசையிலிருந்து தண்ணீர் சொட்டியது. இளமஞ்சள் புடவையில் சிவப்பு மெல்ல மெல்லப் பரவியது. பிரகாசியம்மா, வார்டில் இதைவிட மோசமானதெல்லாம் பார்த்திருக்கிறேன் என்பதுபோல, அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“ஏன்மா இப்படிப் பண்ணுன?” என்றார் அப்பா, வாயில் உருண்டையோடு.

“அப்பா, அது பன்னிக்கறிப்பா.”

மென்றுகொண்டிருந்த தாடை நின்றது.

அப்பாவின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். விழுங்கினால் தெரிந்தே செய்த பாவம். துப்பினால், சம்பந்தி ஆகப்போகிறவர்கள் முன்னால் துப்பியதாகும். இரண்டு கன்னமும் உப்பி, கண்கள் மட்டும் அசைய, மேலே இருந்த காகித விளக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அம்மா, “மாதாவே” என்று மெல்லச் சொன்னார்.

நான் அழ ஆரம்பித்தேன். அழுகையோடு எல்லாம் வெளியே வந்தது. எனக்குச் சைனீஸ் தெரியாது, வாரத்துக்கு ஒரு தடவை என்றது பொய், தள்ளுவண்டியில் இரண்டு துண்டு சாப்பிட்டதுதான், கண்ணாடி இல்லாமல் எழுத்து தெரியாது, எறும்பு என்றால் எள்ளு என்று நினைத்தேன். கேட்காததையெல்லாம் சொன்னேன். பத்தாம் வகுப்பில் முன்னால் இருந்தவளைப் பார்த்து எழுதினதைக்கூடச் சொன்னதாக அம்மா பிறகு சொன்னார்.

அப்போது என் தலைக்கு மேலே, காளையார்கோவில் சந்தையில் கேட்கிற மாதிரி ஒரு குரல் கேட்டது.

“ஐயா, பதறாதீக. விழுங்குங்க. அது கறி இல்ல, காளான்.”

நிமிர்ந்து பார்த்தோம். டிராகன் கோட்டு போட்ட சாம்.

“மூணுமே காளானும் சோயாவுந்தான். முட்டைகூடப் போடல. நான் நின்னு பாத்துத்தான் எடுத்தாந்தேன்” என்றார். “நீங்க சிலுவை போட்டுச் செபம் சொன்னீகளா, அப்பவே எனக்குச் சந்தேகம். தபசு காலத்து வெள்ளிக்கிழமையில இம்புட்டு பக்தியா இருக்கிறவுக ஏன் பன்னிக்கறி சொல்றாகன்னு. அதான் தங்கச்சிகிட்ட, கறி இல்லாமச் செய்யட்டான்னு கேட்டேன். அது எப்பவுமே வித்தவுட்தான்னு சொல்லுச்சு.”

அவர் பெயர் சாம் இல்லையாம், சந்தியாகு. காளையார்கோவில் பக்கத்து ஊர். அந்த ஹோட்டலில் சாப்பிட வருகிறவர்களிடம் ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்பது சட்டமாம்.

அப்பா விழுங்கினார். ஒரு மனிதர் அவ்வளவு நன்றியோடு எதையும் விழுங்கி நான் பார்த்ததில்லை. தொண்டையில் இறங்குவது வெளியே தெரிந்தது. பிறகு எழுந்து, சந்தியாகுவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “எந்தப் பங்கு?” என்று மட்டும் கேட்டார்.

நான் பிரகாசியம்மாவைப் பார்க்கப் பயந்துகொண்டு, மெனு கார்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கைத்துண்டால் மடியைத் துடைத்தபடி கேட்டார்.

“அப்ப நீ கருவாடு சாப்பிடுவியா?”

“அதுதான் அத்தை சாப்பிடுவேன்.”

அவர் விட்ட பெருமூச்சில் பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். “இவன் வந்து, அம்மா, பொண்ணு சைனீசுதான் சாப்பிடுமாம்னு சொன்னதுலேருந்து எனக்குச் சோறு எறங்கல. காரைக்குடியில இப்படி ஒரு பொண்ணா, நம்ம வீட்டு ரசத்தை எல்லாம் இது தொடுமான்னு. வேணாம்னு சொல்லத்தான்டா இன்னைக்கு வந்தேன்” என்று மகனிடம் சொன்னார்.

சேவியர் கையிலிருந்த குச்சிகளைக் கீழே வைத்தார். “நானும் ஒண்ணு சொல்லணும்” என்றார். “எனக்கும் சைனீஸ் பழக்கமில்ல. நீங்க வாரவாரம் சாப்பிடுறவங்கன்னதும் பயந்துட்டேன். ரெண்டு வாரமா ரூம்ல வேர்க்கடலையை வச்சுப் பழகினேன். வேர்க்கடலை மட்டுந்தான் எடுக்க வரும். மத்தது எதுவும் வராது.”

அப்போதுதான் கவனித்தேன். அவர் தட்டில் வேர்க்கடலையைத் தவிர வேறெதுவும் குறைந்திருக்கவில்லை. பாவம், கொலைப்பசியில் இருந்திருக்கிறார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுதுகொண்டிருந்த மூக்கோடு சிரித்தேன். அழகாக இருந்திருக்க வாய்ப்பே இல்லை. ஆனால் சேவியர் என்னைப் பார்த்துச் சிரித்த அந்தச் சிரிப்பை, மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, தெளிவாகப் பார்த்தேன். மார்பில் உட்கார்ந்திருந்த ஒரு பாறாங்கல்லை யாரோ எடுத்து ஓரமாக வைத்தது போலிருந்தது.

சந்தியாகு மேசையைத் துடைத்துவிட்டு, தாழ்ந்த குரலில், “எங்க ஆளுகளுக்கு உள்ள சோறும் சாம்பாரும் ஆக்கியிருக்கு. கொண்டாரட்டா?” என்றார். நான்கு பேர் ஒரே நேரத்தில் தலையாட்டினோம். பீங்கான் கிண்ணங்களில் சாம்பார் சாதம் வந்தது. சேவியர் மூன்று கிண்ணம் சாப்பிட்டார்.

அப்பா மட்டும் தயங்கினார். “சாம்பார் இருக்கட்டும் தம்பி. அந்த உருண்டை இன்னும் ரெண்டு கிடைக்குமா?”

சேவியர் சிங்கப்பூரிலிருந்து திரும்பி வந்ததும் எங்கள் கல்யாணம் நடந்தது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. அப்பா முடிய விடவில்லை. ஊர் திரும்பின அன்றே, சனிக்கிழமை சாயங்காலம், நாங்கள் மூவரும் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனோம். அப்பாவுக்கு முன்னால் யாருமில்லை. பின்னால் நானும் அம்மாவும், எங்களுக்குப் பின்னால் பத்துப் பதினைந்து பேரும். முப்பது வருடம் கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற மாதிரி கணக்கு நடத்தியவர் அப்பா. கிசுகிசுக்க வராது.

“சாமி, நான் வெள்ளிக்கிழமை கறி சாப்பிடல” என்று தொடங்கினார். கோயில் முழுக்கக் கேட்டது. “ஆனா கறின்னு மக சொன்னப்ப, வாயில இருந்துச்சு. அப்ப எனக்கு மொதல்ல தோணுனது பயம் இல்ல சாமி. இம்புட்டு ருசியா இருக்கே, இதை எப்படித் துப்புறதுன்னுதான் தோணுச்சு.”

சாமியார் பக்கத்திலிருந்து இருமல் மாதிரி ஒரு சத்தம் வந்தது. அது இருமல் இல்லை என்பது வெளியே இருந்த எல்லோருக்கும் தெரிந்தது. “காளானுக்கு அபராதம் கிடையாது, வாத்தியாரே. நிம்மதியாப் போங்க” என்றார்.

அன்று அந்த வரிசையில் நின்றவர்கள் வழியாக அது செக்காலை முழுக்கப் பரவியது. எங்கள் வீட்டிலோ ஒரு சொல்லாகவே நிலைத்துவிட்டது. தலைக்கு மேல் வந்து, பிறகு ஒன்றுமில்லாமல் போகிற எதற்கும் எங்களிடம் பெயர் ‘காளான்.’ மூத்தவள் கணக்கில் தோற்றுவிட்டேன் என்று இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்து, பிறகு எழுபது வாங்கியது காளான். ரயிலில் தொலைந்ததாக நினைத்த அத்தையின் சங்கிலி, அவர் ரவிக்கைக்குள்ளேயே கிடந்தது காளான். அந்த இளமஞ்சள் புடவையை அத்தை கடைசிவரை தூக்கிப்போடவில்லை. கறையோடு பீரோவில் இருந்தது. வருகிறவர்களிடம் கதை சொல்லும்போது சாட்சிக்கு எடுத்துக் காட்டுவார்.

போன வருடம் சேவியருக்குக் கழுத்தில் ஒரு கட்டி. மதுரையில் டாக்டர் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வர ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் வீட்டில் யாரும் யாரையும் நேராகப் பார்க்கவில்லை. பத்தாம் நாள் ஆஸ்பத்திரியில் அவர் மட்டும் உள்ளே போனார். நானும் பிள்ளைகளும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

கதவு திறந்தது. அவர் எங்களைப் பார்த்தார். கையிலிருந்த முடிவுத்தாளை உயர்த்திக் காட்டி, ஒரே வார்த்தை சொன்னார்.

“காளான்.”

நாங்கள் நான்கு பேரும் சிரித்த சிரிப்பில், அடுத்த டோக்கனுக்குக் காத்திருந்தவர்கள் பயந்துபோய் எங்களைப் பார்த்தார்கள். ஒரு நர்ஸ் வந்து, “ஆஸ்பத்திரியில சத்தம் போடாதீக” என்று கண்டித்துவிட்டுப் போனார்.